துப்பாக்கிக்கு விலை சொன்ன வாய்

இங்கே சனிக்கிழமை காலையில் யாராவது துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தால் நான் கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறேன். அவர் நன்றி சொல்கிறார். அவர் பின்னாலேயே மனைவி ஆப்பிள் பை வைத்த தட்டை ஏந்திக்கொண்டு வருகிறார். அவருக்கும் பிடித்துக்கொள்கிறேன். ஓஹியோ மாநிலத்தில், பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போகாத ஒரு சிற்றூர். தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் மாதம் ஒருமுறை பழம்பொருள் ஏலம் நடக்கும். இறந்துபோனவர்களின் கடிகாரங்கள், தையல் எந்திரங்கள், இரண்டு உலகப் போர்களிலும் சுட்டுவிட்டு வந்த ரைஃபிள்கள் எல்லாம் ஒரே மேசையில் கிடக்கும். வார நாட்களில் எனக்கு எந்திரத் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை மட்டும் ஏலக்காரர் வால்டருக்குக் கைகொடுக்கிறேன். நாட்டைவிட்டு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இன்னமும் அந்தக் கதவைப் பிடிக்கும்போது அதைச் சாத்திவிடத்தான் கை முதலில் போகிறது. திருவொற்றியூர்க்காரன் கை, என்ன செய்ய. எங்கள் தெருவில் துப்பாக்கி வந்தால் போலீஸ் வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது நாங்கள் கதவைச் சாத்துவோம்.

வால்டரிடம் சேர்ந்த புதிதில் ஓர் அம்மாள் தன் கணவரின் ரைஃபிளைக் கொண்டுவந்து கொடுத்தார். பழுப்பேறிக் கிடந்தது. மரத்தில் கைப்பிசுக்கு, இரும்பில் காவி. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. எங்கள் நைனா விம்கோ நகரில் லேத் பட்டறை வைத்திருந்தவர். இரும்புச் சாமானை அழுக்காக வைத்தால் சோறு கிடையாது என்று வளர்த்தவர். வால்டர் சாப்பிடப் போன நேரத்தில் கம்பிச் சுருளையும் மண்ணெண்ணெயையும் வைத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்தேன். திரும்பி வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, “எவ்வளவு எடுத்துவிட்டாய்?” என்று கேட்டார். “எல்லாவற்றையும்” என்றேன் பெருமையாக. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் உழைப்பைக் கண்டு மனுஷன் உருகிப்போய்விட்டார் என்றே நினைத்தேன். அப்புறம்தான் சொன்னார், அந்தக் காவிக்கு பட்டினா என்று பெயராம். அதுதான் வயதுக்குச் சாட்சியாம். அதைத் தேய்த்ததில் பாதி விலை போய்விட்டதாம். அந்த அம்மாளுக்குத் தன் கையிலிருந்து ஈடு கொடுத்தாரே தவிர, என்னை விரட்டவில்லை. நல்ல மனுஷன். ஆனால் அன்றிலிருந்து என் கண்ணில் படும் இடத்திலெல்லாம் ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டிவைத்தார்.

அதற்குப் பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். பழைய ராணுவ ரைஃபிளுக்கு விலை வைப்பது ஜாதகம் பார்ப்பது மாதிரி. குழாயில் ஒரு எண் அடித்திருக்கும், குண்டை ஏற்றும் போல்ட்டில் ஒரு எண் இருக்கும், குழாயின் வாய்ப்பக்க மூடியில் ஒன்று. மூன்றும் பொருந்தினால் ராஜயோகம். மரம் ஆதிமரமா, மாற்றியதா? முத்திரை தேய்ந்ததா, யாராவது தேய்த்ததா? குழாயின் உட்புறம் வெளிச்சத்தில் கண்ணாடியாகத் தெரிகிறதா? இதையெல்லாம் நான் பார்த்துச் சொன்னால் இப்போது வால்டரே மறுபேச்சுப் பேசுவதில்லை. ஊரில் பத்தாவதைத் தாண்டத் திணறிய எனக்கு இந்த மரியாதை கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது. ஏறியதை இறக்க ஊருக்குப் போகவேண்டி வந்தது.

போன வருடம் ஆயுத பூஜையைச் சேர்த்து மூன்று வாரம் விடுப்பு. நைனா இறந்து ஆறு வருடமாகிறது. பட்டறையைத் தம்பி பார்த்திபன்தான் நடத்துகிறான். பூஜையன்று காலையில் பட்டறையைக் கழுவி, லேத்துக்கு வாழைக்கன்று கட்டி, வெர்னியர், மைக்ரோமீட்டர், டிரில் பிட்டுகள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பலகையில் அடுக்கியிருந்தான். நடுவில், சுவரோடு சாய்த்து, பட்டாளத்துக் கட்டை நின்றது. எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது துறைமுகப் பக்கம் கழிவு இரும்பு ஏலத்தில் நைனா ஒரு லாரிச் சாமான் எடுத்தார். அதில் கலந்து வந்தது. இரும்பு, அதுவும் பட்டாளத்து இரும்பு, உருக்கப் போடக் கூடாது என்று எடுத்து வைத்துக்கொண்டார். வருடாவருடம் பூஜைக்கு முந்தின நாள் அதற்குப் பச்சை எனாமல் பெயின்ட் ஒரு கை அடிப்பார். பிளந்த இடத்தைப் பட்டி வைத்து அடைப்பார். நைனா போன பிறகு பார்த்தியும் அதையே செய்தான். முப்பத்தைந்து கை பெயின்ட் ஏறி, அது உருண்டு திரண்டு, கோயில் வாகனத்தில் வைக்கும் மர ஆயுதம் போல ஆகியிருந்தது. யாரும் அதைத் துப்பாக்கி என்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை, இந்தப் பாழாய்ப்போன கண் எனக்கு வரும் வரை.

கற்பூரம் காட்டி முடித்ததும் கையில் எடுத்துப் பார்த்தேன். மூக்கின் அமைப்பு, போல்ட் கைப்பிடியின் வளைவு, பெயின்டுக்கு அடியில் கிரீடம் மாதிரி ஒரு மேடு. முதல் உலகப் போர்க்கால த்ரீ நாட் த்ரீ, வெள்ளைக்காரப் பட்டாளத்து ரைஃபிள். பொரி கடலை மென்றுகொண்டிருந்த பத்துப் பேருக்கு நடுவில் என் வாய் தானாகத் திறந்தது. எண்ணெல்லாம் பொருந்தினால் அமெரிக்காவில் இது நம் ரூபாயில் இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்றேன். போதாததற்கு, “மூணு கூடப் போகும்” என்றும் சேர்த்துக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து வந்தவன் வாயில் இருந்து ஏதாவது பெரிதாக வந்தால்தானே அழகு.

பார்த்தி சிரித்தான். “இன்னாண்ணா, நம்ம பட்டாளத்துக் கட்டையா? நைனா கேட்டிருந்தாருன்னா லேத்த வுட்டுட்டு இத்த கட்டிகினு அழுதிருப்பாரு.” அன்று மதியமே சந்தனப்பொட்டு வைத்த அதன் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். கீழே ‘நைனாவின் பொக்கிஷம், அமெரிக்க மதிப்பு மூன்று லட்சம்’ என்று எழுதியிருந்தான். அதை நான் பார்த்தேன். பார்த்து, ஒரு இதயக் குறியும் போட்டேன். அறிவுகெட்டவன் என்று நீங்கள் திட்டலாம், நானும் திட்டிக்கொண்டாயிற்று.

மறுநாள் பகல் பதினொரு மணி இருக்கும். பட்டறையில் நானும் பார்த்தியும் மட்டும் இருந்தோம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வண்டியை அணைக்காமல் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் சொல்லவில்லை.

“பழைய அயிட்டம் ஒண்ணு கீதாமே?” என்றார் பார்த்தியிடம்.

“பூஜைக்கு வெச்சிகினு கீறோம் சார். விக்கறதுக்கு இல்ல.”

“விக்காட்டி போவுது.” அவர் கண் சுவரில் சாய்ந்திருந்ததையே பார்த்தது. “சுடுமா?”

பார்த்தி என்னைப் பார்த்தான். பத்து வருடத்தில் ஆயிரம் பேர் என்னிடம் துப்பாக்கி விலை கேட்டிருக்கிறார்கள். எண் பொருந்துகிறதா, மரம் எந்த மரம், எந்தப் படைப்பிரிவு என்றுதான் ஆரம்பிப்பார்கள். வேறு எதையும் கேட்காமல் இந்த ஒரே கேள்வியை மட்டும் கேட்டவர் இவர்தான். “தெரியாது” என்றேன். “தெரிஞ்சி வைங்க. சாயங்காலம் வரேன்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. ஓஹியோவில் இது கூடத்து மேசையில் கிடக்கும் பழம்பொருள். திருவொற்றியூரில் உரிமம் இல்லாத ராணுவத் துப்பாக்கி. சுடும் நிலையில் உயிருள்ள த்ரீ நாட் த்ரீ வீட்டில் இருந்தால் வருடக் கணக்கில் சிறை. பட்டறை பார்த்தி பேரில், படம் பார்த்தி போனில், விலையும் பார்த்தி கைப்பட எழுதியது. என் பேர் எங்கேயும் இல்லை. கொடுத்தால் குற்றம். கொடுக்காவிட்டால், அந்த ஆள் போகிற போக்கில் போலீஸுக்கு ஒரு போன் போட்டாலே போதும். ஸ்டேட்டஸை அழிக்கச் சொன்னேன். அழித்தான். அதற்குள் நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கழிவறைக்குப் போகிறேன் என்று பின்பக்கம் போய், போனில் விமான டிக்கெட்டை முன்கூட்டி மாற்ற முடியுமா என்று பார்த்தேன். அமெரிக்கக் குடியுரிமைக்கு மனு போட்டிருந்தேன். ஆயுத வழக்கு ஒன்றில் பேர் அடிபட்டால் அந்த மனு குப்பைக்குத்தான். வியாழக்கிழமை இடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பார்த்தியின் மனைவி மல்லிகா சாப்பாட்டுக் கூடையோடு வந்து, “மாமா, சோறு ஆறுது” என்று கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் மல்லிகா கூடையைக் கீழே வைத்தாள். “கழிமுகத்துல போட்டுட்டு வந்துருங்க” என்றாள். எண்ணூர் கழிமுகத்தில் வலை போடுகிறவன் கையில் அது மாட்டினால் இன்னும் ஆபத்து என்றேன். “லேத்துல துண்டு போட்டுர்றேன்” என்றான் பார்த்தி. போலீஸ் வந்து துண்டைப் பார்த்தால் தடயத்தை அழித்தாய் என்பார்கள் என்றேன். பிறகு நான், ஓஹியோ வழக்கத்தில், மிக எளிதாக ஒன்றைச் சொன்னேன். நாமே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

பார்த்தி என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. “நாமளா? ஸ்டேஷனுக்கா? இன்னா நெனப்புல கீற நீ? சைக்கிள் காணோம்னு கம்ப்ளைன்ட் குடுக்கவே இங்க எவனும் உள்ள போ மாட்டான். நான் துப்பாக்கிய தூக்கினு போவணுமா?”

“உண்மையைச் சொன்னா ஒண்ணும் ஆகாது.”

“உனுக்கு ஆவாது. நீ பிளேன்ல போயிருவ. நான் இங்கதான குந்திகினு இருக்கணும்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். வியாழக்கிழமை டிக்கெட் இன்னும் திரையில் இருந்த போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

சோறு அப்படியே இருந்தது. அவர் சாயங்காலம் வருவார். மணி ஒன்று. முதலில் ஒன்று தெரிந்தாக வேண்டும்: அது உயிருள்ளதா, செத்ததா? எங்கள் ஏலத்தில் எப்போதாவது செத்த துப்பாக்கி வரும். படைகளில் கிழடுதட்டிய ரைஃபிளைக் கவாத்துப் பழக மட்டும் ஒதுக்கிவிடுவார்கள். குண்டு உட்காரும் அறையில் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, சுடும் ஊசியின் முனையையும் வெட்டிவிடுவார்கள். அதை வைத்து யாரும் யாரையும் சுட முடியாது. வாங்குகிறவர்கள் அதைக் கண்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். நானே எத்தனையோ முறை அந்தத் துளையில் விரலை வைத்துவிட்டு, பாவம் பார்க்காமல் மலிவு மேசைக்குத் தள்ளியிருக்கிறேன். இப்போது அதே துளை வேண்டும் என்று எங்கள் லேத்தில் காய்ந்துகொண்டிருந்த சாமந்தி மாலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

போல்ட்டை இழுத்தேன். அசையவில்லை. முப்பத்தைந்து வருடப் பெயின்ட் அதை இரும்போடு இரும்பாக ஒட்டியிருந்தது. தின்னரை ஊற்றி, இரும்பு அறுக்கும் பழைய ஆக்ஸா பிளேடால் சுரண்ட ஆரம்பித்தேன். பார்த்தி பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கினான். மல்லிகா வாசலில் நின்றுகொண்டாள். பச்சைக்கு அடியில் வேறு பச்சை, அதற்கு அடியில் சாம்பல், அதற்கும் அடியில் சிவப்பு ஆக்சைடு. முதலில் வந்தது கிரீடம். பிறகு வருடம். பிறகு எண், குழாயிலும் போல்ட்டிலும் ஒரே எண். வேறு நாளாக இருந்தால் வால்டருக்குப் படம் அனுப்பிக் குதித்திருப்பேன். அன்றைக்கு அந்த எண் பொருந்தியதும் கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டேன். இவ்வளவு முழுசாக இருக்கும் துப்பாக்கியில் யார் துளை போட்டிருப்பார்கள்? துளை இருக்கவேண்டிய இடத்தில் மழமழவென்று இருந்தது. குழியும் இல்லை, கோடும் இல்லை.

“இல்ல” என்றேன்.

“இன்னா இல்ல?”

“ஓட்டை இல்ல. இது உயிரோட இருக்கு.”

மல்லிகா திரும்பிப் பார்த்தாள். பார்த்தி குனிந்து, கட்டைவிரல் நகத்தை அந்த இடத்தில் வைத்து அழுத்தி இழுத்தான். இரும்பில் கோடு விழாது. அதில் விழுந்தது. “அண்ணா,” என்றான், “நைனா எதுலயாவது ஓட்டைய வுட்டு வெச்சி பாத்துகிறியா?”

நிஜம்தான். வாடிக்கையாளர் தப்பாகத் துளை போட்டுக் கொண்டுவந்த தகட்டைக்கூட அடைத்துத் தேய்த்துத்தான் தருவார். பிளேடின் நுனியைக் கொடுத்து நெம்பினேன். மேலாகத் தின்னரில் இளகி, உள்ளே இறுகியிருந்த பட்டி பொடிப்பொடியாக உதிர்ந்தது. சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு துளை, உள்ளே அறை வரைக்கும் இருட்டு. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை, மல்லிகா தண்ணீர் கொடுத்தாள்.

“இப்ப இன்னா வெல இதுக்கு?” என்று கேட்டான் பார்த்தி.

“ஒண்ணுமே இல்ல.”

“அப்பாடா” என்றான்.

பிறகு அவனே ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றான். சாயங்காலம் வருகிற ஆளுக்குத் துளையைக் காட்டினால், லேத் வைத்திருப்பவன்தானே, அடைத்துக் கொடு என்பான், அப்புறம் விடமாட்டான் என்றான். எனக்கு அது தோன்றவே இல்லை. போனில் சொல்லி வரவழைக்கலாமா என்று கேட்டேன். “ஜீப்பு வந்தா தெருவே பாக்கும். அப்பறம் ஆயுசுக்கும் நான் துப்பாக்கி பார்த்தி.” ஆறு அங்குல பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வெட்டி, துப்பாக்கியை உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் துணியை அடைத்தான். நான் அதைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்தேன். டோல்கேட் பக்கமிருந்து வரும் கன்டெய்னர் லாரிகள் நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. சிக்னலில் ஒரு போக்குவரத்துக் காவலர் எங்களைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். பார்த்தியின் முதுகு சட்டையோடு ஒட்டி நனைந்திருந்தது.

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் ஓர் அம்மா. பார்த்தி கைகட்டி நின்று முழுவதையும் சொன்னான், ஸ்டேட்டஸ் போட்டது, வெள்ளைச் சட்டைக்காரர் வந்தது உட்பட. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தலைமைக் காவலர் ஒருவரைக் கூப்பிட்டார். ஓய்வு பெறும் வயது. துப்பாக்கியைக் குழாயிலிருந்து உருவி, தின்னர் ஊறித் தளர்ந்திருந்த போல்ட்டை உள்ளங்கையால் ஒரே தட்டில் திறந்தார். ஊசி முனையைப் பார்த்தார், துளை வழியாக ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார். “டம்மி மேடம். கவாத்துக்கு வெச்சிருந்தது. நாங்கூட இந்த மாதிரி தூக்கிகினு மைதானம் சுத்திகீறேன். சுடாது.” அதைக் கொஞ்சம் பிரியத்தோடு கீழே வைத்தார்.

அந்த அம்மா ஒரு தாளை இழுத்துப் போட்டுக்கொண்டார். “தானா கொண்டாந்து ஒப்படைச்சதா எழுதிக்கிறோம். அந்த ஆள் திரும்பி வந்தா உடனே போன் பண்ணணும். பொருள் அப்பாவுதுன்னு சொன்ன. அப்ப வாரிசுங்க எல்லாரும் கையெழுத்துப் போடணும், விசாரணைக்குக் கூப்பிட்டா வரணும். உங்க அப்பாவுக்கு எத்தனை பிள்ளைங்க?”

நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

“நான் ஒருத்தன்தான் மேடம்” என்றான் பார்த்தி.

“அப்ப இவரு?”

“கஸ்டமரு மேடம். அமெரிக்காவுல கீறாரு. துப்பாக்கி வெலல்லாம் தெரிஞ்சவருன்னு பாக்கச் சொன்னேன். அவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். என் சட்டை, என் ஷூ, என் மூக்குக் கண்ணாடி எல்லாம் அவன் சொன்னதற்குச் சாட்சி சொல்லின. “அப்படியா சார்?” என்று கேட்டார். நைனா இறந்தபோது விசா தாள் நிலுவையில் இருக்கிறது, வெளியே போனால் திரும்ப முடியாது என்று நான் வரவில்லை. மூத்தவன் வைக்கவேண்டிய கொள்ளியை இவன்தான் வைத்தான். இப்போதாவது எழுந்து, நான் இவன் கூடப் பிறந்தவன், விலை சொன்னது என் வாய்தான் என்று சொல்லியிருக்கலாம். தலையாட்டினேன். ‘ஆமாம்’ என்று தலையாட்டினேன். அப்போது எனக்குள் முதலில் வந்தது வெட்கம் இல்லை, நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது, வந்தது இன்னும் போகவில்லை.

தலைமைக் காவலர் பார்த்தியின் வாக்குமூலமாக எழுதியதை வாசித்துக் காட்டினார். மேற்படி பொருளை வைத்திருந்த காலஞ்சென்றவருக்கு நான் ஒரே மகன் என்றும், வேறு வாரிசுகள் எவரும் இல்லை என்றும். பார்த்தி கையெழுத்துப் போட்டான். எழுத்துக்கூட்டி, நைனாவின் முதலெழுத்தை முன்னால் போட்டு, நிதானமாக. எனக்கும் அதே முதலெழுத்துதான்.

வெளியே வந்ததும் வெயிலில் கண் கூசியது. “உன் பேப்பருக்கு எதுனா ஆயிடப் போவுதுன்னுதான் அப்படிச் சொன்னேன். மனசுல வெச்சிக்காத” என்றான். வண்டி உடனே பிடிக்கவில்லை. வண்டியைப் பிடித்து உதைக்க இரண்டு கையும் வேண்டும் என்று, ஸ்டேஷனில் கொடுத்த நகலை மடித்து என்னிடம் நீட்டினான். “இத்த பத்திரமா வெச்சிக்கோ. தொலைச்சிடாத” என்றான். வேறு வாரிசுகள் எவரும் இல்லை என்று எழுதிய தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.